கர்ப்பிணிகளுக்கான கல்லீரல் அழற்சி சி பரிசோதனை

கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் குடிகொண்டிருக்கிறதா என்று பிரசவத்துக்கு முன்னரே அறியச் செய்யும் பரிசோதனை இது. 1989-இல் கண்டறியப்பட்ட இக்கிருமி இரத்தத்தின் வழியே பரவுவது. காமாலை என்று ஜனங்கள் அஞ்சும் மஞ்சள் நிறத்தைப் பெரும்பாலும் கண்ணிற் காட்டாமலே, பல்லாண்டுகள் மௌனமாயிருந்து கல்லீரலை அரிப்பது. ஆதலால் அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருத்தல் பயனற்றது.

விரல் நுனியிற் குத்தியெடுத்த இரத்தத் துளியைச் சோதனை அட்டையின் குழியிலிட்டு, உரிய திரவத்தைச் சேர்த்துச் சற்றுப் பொறுத்தால், ஒரு கோடு மட்டும் தோன்றின் கிருமிக்கெதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இல்லையென்றும், இரு கோடுகள் தோன்றின் உண்டென்றும் கொள்வர். இரண்டாம் கோடு கண்டு கலங்க வேண்டுவதில்லை. கிருமி தானே அகன்றவரிடத்தும் எதிர்ப்பொருள் எஞ்சியிருக்குமாதலால், கிருமியையே தேடும் பி.சி.ஆர். சோதனையே தொற்றை உறுதிசெய்யும்.

தொற்றுள்ள தாய்மார் 100 பேரில் ஏறக்குறைய 5 அல்லது 6 பேரின் சிசுக்களுக்கே நோய் தொற்றுகிறது, எச்.ஐ.வி.யும் சேர்ந்திருப்பின் இவ்விகிதம் மிகும். இந்நோய் ஒன்றன்பொருட்டு அறுவைப் பிரசவம் அவசியமன்று. முலைக்காம்பில் வெடிப்போ இரத்தக் கசிவோ இல்லாதவரை தாய்ப்பாலை நிறுத்தலுமாகாது. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையிடம் 18 மாதம் வரை தங்கக்கூடுமாதலால், அதற்குமுன் எதிர்ப்பொருளை மட்டும் கொண்டு குழந்தைக்கு நோயுண்டென முடிவு செய்யார். தடுப்பூசி இல்லாத இந்நோய்க்கு, பொதுவாகப் பிரசவமும் பாலூட்டலும் முடிந்தபின் தரப்படும் 12 வார மாத்திரைச் சிகிச்சை, 100-க்கு 95 பேருக்கு மேல் பூரண குணமளிக்கிறது.

அமெரிக்காவில் ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் இச்சோதனை செய்யப்பட வேண்டுமென 2020-இல் பரிந்துரைக்கப்பட்டது. இந்தியாவில் 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ்ச் சோதனையும் சிகிச்சையும் இலவசம்; எனினும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாகச் செய்யப்படுவது எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி ஆகியவற்றின் சோதனையே. சி வகைக்கோ, முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டமை, சுத்தமற்ற ஊசி போட்டமை போன்ற காரணம் உடையவரே முதன்மையாகக் கருதப்படுகின்றனர்.

1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி, வத்தல்மலை முதலிய மலையூர்களிலிருந்து வரும் பெண்களிற் பலர் தம் வாழ்வில் இரத்தப் பரிசோதனைக்கென்று கை நீட்டுவதே கர்ப்ப காலத்திலேதான். அந்த ஒரு சந்தர்ப்பம் நழுவினால் அடுத்தது எப்போது வாய்க்குமோ! ஆகவே கிராம சுகாதார செவிலியர், பழைய ஊசிகளையும், இரத்தமேற்றலையும், திருவிழாவில் ஒரே ஊசியாற் பலருக்குப் பச்சை குத்திய வழக்கத்தையும் பரிவோடு கேட்டறிதல் கடன். கர்ப்பிணிகளும் அவற்றை மறைக்காது சொல்லுதல் வேண்டும். சிசுவைக் காக்கவென்று எடுக்கும் அத்துளி இரத்தம் தாயின் ஆயுளையும் காக்க வல்லது.