பொன்னும் குழியும்: பிரித்தானிய இரும்புக்கால அணிகளின் புதைப்பு நோக்கம்

முன்னுரை

பிரித்தானியாவில் கிடைத்துள்ள இரும்புக்காலப் பொன்னணிகள் பல, திட்டமிட்ட அகழாய்வில் வெளிப்பட்டவை அல்ல. அவை உழவின்போதோ, அண்மைக்காலத்தில் மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோக உணர்கருவியின் வழியாகவோ கிடைத்தவை. பொதுவழக்கில் இவை ‘கெல்டிக்’ அணிகள் எனப்படுகின்றன. கிரேக்க, உரோமானிய ஆசிரியர்கள் ஐரோப்பியப் பெருநிலத்து மக்கள் சிலரையே அப்பெயரால் சுட்டினர். பிரித்தானியரை அவ்வாறு அழைத்தமைக்குத் தெளிவான சான்றில்லை. ஆதலின், இனப்பெயராக அன்றி, கலைப்பாணியைச் சுட்டும் பெயராகவே அதனைக் கொள்வது பொருந்தும். ஓர் அணி எவ்வாறு செய்யப்பட்டது என்பதை அதன் உலோகமும் வேலைப்பாடும் உணர்த்தும். அது ஏன் புதைக்கப்பட்டது என்பதை அது கிடந்த குழியே உணர்த்தும். இவ்வேறுபாட்டை நான்கு கண்டுபிடிப்புகளின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

பழஞ்சட்டம் எழுப்பிய வினா

புதைப்பு நோக்கம் ஆய்வாளர்க்கு மட்டும் உரிய வினாவாக இருக்கவில்லை. இங்கிலாந்தின் பழைய புதையல் சட்டப்படி, பொன் அல்லது வெள்ளிப் பொருள் மீண்டும் எடுத்துக்கொள்ளும் எண்ணத்துடன் மறைக்கப்பட்டிருந்து, அதன் உரிமையாளர் அறியப்படாதிருந்தால் மட்டுமே அரசுக்கு உரியதாகும். 1939இல் சஃபோக் மாவட்டத்துச் சட்டன் ஹூவில் வெளிப்பட்ட கப்பற்புதைவு இதற்குத் தக்க சான்று. அங்கிருந்த பொருள்கள் இறந்தவர்க்கெனப் படைக்கப்பட்டவை, மீட்கும் எண்ணத்துடன் மறைக்கப்பட்டவை அல்ல எனக் கருதப்பட்டமையால், அவை நிலவுரிமையாளருக்கே உரியவை என விசாரணையில் முடிவாயிற்று. அவர் அவற்றைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக வழங்கினார். பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தோரின் எண்ணத்தை ஒரு விசாரணை மன்றம் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

ஸ்னெட்டிஷாம்: குழி தந்த சான்று

நார்ஃபோக் மாவட்டத்து ஸ்னெட்டிஷாமில் 1948இல் நிலத்தை ஆழ உழுதபோது ‘டார்க்’ எனப்படும் முறுக்குக் கழுத்தணிகள் முதன்முதலில் வெளிவந்தன. 1950இல் கிடைத்த பெருங்கழுத்தணி ஒரு கிலோகிராமுக்குச் சற்று மிகுந்த எடையுடையது. எட்டுக் கம்பிகள் கொண்ட எட்டு இழைகளை முறுக்கி, ஆக 64 கம்பிகளால் அது அமைக்கப்பட்டுள்ளது. 1990இல் உலோக உணர்கருவியுடன் அங்குத் தேடிய ஒருவர் மேலும் ஒரு தொகுதியைக் கண்டறிந்து தெரிவித்தார். அதனைத் தொடர்ந்து அயன் ஸ்டெட் தலைமையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அகழாய்வு நடத்தியது.

இவ்வகழாய்வில் சில குழிகள் ஈரடுக்காக அமைந்திருந்தமை தெரியவந்தது. மேலடுக்கில் வெள்ளி, வெண்கல அணிகளும், இடையே மண்ணிட்டு மறைத்த கீழடுக்கில் பெரிதும் பொன்னணிகளும் இருந்தன. மேலடுக்கைக் கண்ட திருடன் அத்துடன் அகன்றுவிடுவான் எனக் கருதி அமைத்த பாதுகாப்பு ஏற்பாடாகவும், எனவே மீட்கும் எண்ணத்துடன் வைத்த செல்வமாகவும் ஸ்டெட் இதனை விளக்கினார். 1992இல் ஃபிட்ஸ்பேட்ரிக் இவ்விளக்கத்தை மறுத்து, இவை தெய்வங்களுக்கு அளித்த காணிக்கைகளாக இருக்கலாம் என வாதிட்டார். இவற்றுள் எது சரியாயினும், ஈரடுக்கு அமைப்பு பதிவு செய்யப்பட்டமையால்தான் இவ்விவாதமே இயன்றது. இரண்டு அடுக்கையும் ஒருசேர வாரி எடுத்திருந்தால் அணிகள் எஞ்சியிருக்கும்; விவாதத்திற்கு அடிப்படையான சான்று எஞ்சியிராது.

ஒப்பீடு: மூன்று கண்டுபிடிப்புகள்

2000ஆம் ஆண்டில் வின்செஸ்டர் அருகே கிடைத்த தொகுதியில் இரண்டு கழுத்தணிகளும், உடைப்பின் ஊசிகளும், கைவளைகளும் இருந்தன. மொத்த எடை ஏறத்தாழ 1,160 கிராம். சங்கிலிபோல் வளையும் அக்கழுத்தணிகள் மத்தியதரைப் பகுதியின் தொழில்நுட்பத்தை அறிந்த பொற்கொல்லரின் படைப்பு. ஆனால் அவ்வயலை ஆய்ந்தபோது கல்லறையோ குடியிருப்போ தென்படவில்லை. 2016 டிசம்பரில் ஸ்டாஃபர்ட்ஷயரின் லீக்ஃப்ரித்தில் கிடைத்த மூன்று கழுத்தணிகளும் ஒரு கைவளையும் கி.மு. 400 முதல் 250 வரையிலான காலத்தவை எனக் கணிக்கப்பட்டுள்ளன. அவை பிரித்தானியாவின் மிகப் பழைய இரும்புக்காலப் பொன்வேலைகளுள் அடங்கும். அங்கும் புதைப்புச் சூழலை விளக்கும் தடயம் கிட்டவில்லை. இவ்விரு தொகுதிகளும் தம்மைச் செய்த கைத்திறனைக் காட்டுகின்றன. புதைத்த காரணத்தைக் காட்டவில்லை.

2009இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் அருகேயுள்ள பிளேர் டிரம்மண்டில் கிடைத்த நான்கு கழுத்தணிகளின் நிலை வேறு. அவற்றுள் இரண்டு உள்நாட்டுப் பாணியிலான நாடா முறுக்கணிகள். ஒன்று தென்மேற்குப் பிரான்சின் பாணியைச் சார்ந்தது. மற்றொன்று மத்தியதரை நுட்பம் கலந்த பின்னற்கம்பி வேலை. கண்டெடுத்த இடத்தில் பின்னர் நடந்த அகழாய்வில் வட்டவடிவ மரக்கட்டடம் ஒன்றின் அடித்தடம் வெளிப்பட்டது. அது வழிபாட்டிடமாக இருக்கலாம் என்னும் கருத்து அத்தடத்திலிருந்தே பிறந்தது. அணிகளை மட்டும் நோக்கி அதனை ஊகித்திருக்க இயலாது.

1996ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் எல்லையும்

1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் நோக்கம் பற்றிய பழைய வினாவின் கட்டாயத்தை நீக்கியது. குறைந்தது 300 ஆண்டுப் பழமையும், எடையில் 10 விழுக்காடேனும் பொன் அல்லது வெள்ளியும் உடைய அணிகள் புதையலாகும். கண்டெடுத்தவர் 14 நாள்களுக்குள் ‘கரோனர்’ எனப்படும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் அதனைப் பெற விரும்பினால், சந்தை மதிப்புக்கேற்ற வெகுமதி பொதுவாகக் கண்டெடுத்தவருக்கும் நிலவுரிமையாளருக்கும் பகிரப்படும். லீக்ஃப்ரித் தொகுதி 3,25,000 பவுண்டு என மதிப்பிடப்பட்டது. ஸ்காட்லாந்தில் தனிச்சட்டம் உள்ளது. அங்கு உரிமையாளரற்ற தொல்பொருள் அரசுக்கே உரியது.

இவ்வேற்பாடு அணிகள் கள்ளச் சந்தைக்குச் செல்வதைத் தடுக்க உதவுகிறது. எனினும், சந்தை மதிப்பு பொருளுக்கு உரியதே தவிர மண்ணடுக்குக்கு உரியதன்று. கருவி ஒலித்தபின் தோண்டுவதா, நிறுத்திவிட்டு ஆய்வாளரை அழைப்பதா என்னும் முடிவு பெரிதும் கண்டெடுப்பவர் கையிலேயே உள்ளது.

முடிவுரை

ஒரு பொன்னணியை அருங்காட்சியகத்தில் எத்தனை முறையும் மீண்டும் ஆராயலாம். உலோகக் கலவையைப் புதிய கருவிகளால் அளக்கலாம். அது கிடந்த குழியை ஒருமுறைதான் அகழ முடியும். ஸ்னெட்டிஷாமிலும் பிளேர் டிரம்மண்டிலும் குழியும் நிலமும் ஆய்வுக்கு உட்பட்டதால் புதைத்தோரின் எண்ணத்தைப் பற்றிச் சான்றுடன் விவாதிக்க முடிகிறது. வின்செஸ்டரிலும் லீக்ஃப்ரித்திலும், தேடியும் சூழல் கிடைக்காமையால், அவ்வினா தொடக்க நிலையிலேயே நிற்கிறது. புதையலின் ஆய்வுப் பயனை அதன் எடையாலோ விலையாலோ அளவிடாமல், அதனுடன் பதிவான மண்ணின் சான்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது.