ஒட்டு மாதிரி நீர்மூழ்கியை ரேடியோ கன்ட்ரோலுக்கு மாற்றுதல்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் நீர்மூழ்கிக் கப்பல் மாதிரிக்குள் மோட்டார், சுக்கான்களை அசைக்கும் சர்வோ, பேட்டரி, நீர் ஏற்றி இறக்கும் பாரத்தொட்டி ஆகியவற்றைப் பொருத்தி, கரையில் நின்றபடி ரேடியோ அலையால் ஓட்டவும் மூழ்கடிக்கவும் மேலே கொண்டுவரவும் தக்கதாக மாற்றும் கைவினை இது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இதில் ஈடுபடுவோருக்கெனத் தனிச் சங்கங்கள் உள்ளன. ஜெர்மனியின் எங்கல் போன்ற நிறுவனங்கள் ஓட்டுவதற்கென்றே வடிவமைத்த நீர்மூழ்கி மாதிரிகளை விற்கின்றன. ஆனாலும் அலமாரியில் வைக்கத் தயாரான ஒட்டு மாதிரியை நீருக்குள் இறக்குவதில் பலருக்கும் தனி ஆர்வம் உண்டு. ஆணி வரிசையும் தகட்டு விளிம்புகளும் அச்சில் வார்த்தபடியே கிடைத்துவிடுகின்றன. செய்ய வேண்டியது உள்ளே இருக்கும் வேலைதான்.

அந்த வேலையை மின்னணு வேலை என்று நினைத்துத் தொடங்குபவர்கள் அதிகம். உண்மையில் இது எடைக்கணக்கு. எந்தப் பொருள் எவ்வளவு நீரை வெளியேற்றுகிறது, அது நீர்க்கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் மற்றதெல்லாம் கடையில் வாங்கக்கூடியவை.

மாற்றத்துக்கு ஏற்ற மாதிரிகள்

மிகுதியாக மாற்றப்படுபவை ரெவெல் நிறுவனத்தின் 1:72 அளவு மாதிரிகள்: இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் ஏழு-சி வகை யு-போட், அமெரிக்கக் கடற்படையின் காட்டோ வகை. மோபியஸ் நிறுவனத்தின் 1:72 ஸ்கிப்ஜாக், டிரம்பெட்டரின் 1:144 நவீன நீர்மூழ்கிகள் ஆகியவையும் கைக்கொள்ளப்படுகின்றன. டிரம்பெட்டர் 1:48 அளவில் வெளியிட்ட ஏழு-சி ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளம். உள்ளே இடம் தாராளமாக இருந்தாலும் ஒருவர் தனியாகக் குளத்துக்குத் தூக்கிச் செல்வது சிரமம்.

தொடங்குவோருக்கு 1:72 ஏழு-சி பொருத்தமானது என்பதற்கு அளவே காரணம். 1940 முதல் போர் முடியும்வரை 568 கப்பல்கள் பணியில் சேர்க்கப்பட்ட வகை இது. 1981-இல் வெளிவந்த ‘தாஸ் போட்’ திரைப்படத்தின் யு-96 இந்த வகையைச் சேர்ந்ததே. கீல் நகருக்கு அருகே லாபோ கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் யு-995 இதன் சற்றே மாறிய வடிவம். ஆகவே வால்பகுதியில் சுக்கான் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க நிழற்படங்களுக்குப் பஞ்சமில்லை. அசலின் நீளம் 67.1 மீட்டர், மாதிரியில் அது 93 செ.மீ. அகலம் 6.2 மீட்டர், மாதிரியில் 8.6 செ.மீ. காரின் பின்னிருக்கையில் அடங்கிவிடும்.

ஈரக்கூடும் உலர் உருளையும்

மாதிரியின் வெளிக்கூடு முழுவதையும் நீர்புகாமல் அடைக்க முயல்வது வீண். தளம், கோபுரம், பக்கவாட்டுத் துளைகள் என்று கசிவுக்கான வழிகள் எண்ணற்றவை. நடைமுறையில் வெளிக்கூட்டுக்குள் நீர் தாராளமாகப் புகுந்து வெளியேறும். மோட்டாரும் மின்னணுப் பாகங்களும் மட்டும் ஒரு நீர்புகா உருளைக்குள் உலர்வாக இருக்கும். அசல் நீர்மூழ்கியின் அமைப்பும் இதுவேதான்: உள்ளே அழுத்தக்கூடு, வெளியே நீர் புகும் உறை. ஏழு-சியின் அழுத்தக்கூடு நடுப்பகுதியில் 4.7 மீட்டர் விட்டம் கொண்டது. 1:72-இல் அது 6.5 செ.மீ. பிளாஸ்டிக்கின் தடிமன் போக, 6 செ.மீ. விட்டமுள்ள பாலிகார்பனேட் குழாய் ஏறக்குறைய அசல் அழுத்தக்கூடு இருந்த இடத்திலேயே போய் அமரும்.

உருளையின் இரு முனைகளையும் ஓ-ரிங் பதித்த மூடிகள் அடைக்கின்றன. ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவ வேண்டும். பாலிகார்பனேட் தெளிவாக இருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. மூடியை அழுத்திச் செலுத்தியதும் ஓ-ரிங் குழாய்ச் சுவரில் பதியும் இடம் சுற்றிலும் கறுத்த, அறுபடாத பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையில் ஓரிடத்தில் மயிரிழை அளவு வெளிறிய கோடு குறுக்கிட்டால் அங்கே தூசியோ தலைமுடியோ சிக்கியிருக்கிறது என்று பொருள். மூடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும். பின்மூடி வழியாகப் புரப்பெல்லர் அச்சுகளும் சுக்கான்களை அசைக்கும் கம்பிகளும் வெளியே வருகின்றன. அச்சுக்குக் கிண்ணவடிவ ரப்பர் அடைப்பு, கம்பிகளுக்கு ரப்பர் துருத்தி அல்லது சிறு ஓ-ரிங் அடைப்பு. ஒரு மீட்டர் ஆழத்துக்கு அழுத்தம் 0.1 பார்தான் கூடுகிறது. ஆகவே உருளை நொறுங்கும் என்ற அச்சம் தேவையில்லை. கசிவுதான் எதிரி. குளத்துக்குக் கொண்டுபோகுமுன் உருளையை மட்டும் வாளியில் அமிழ்த்தி, ஒரு குழாய் வழியே உள்ளே மெல்ல ஊதிப் பார்க்க வேண்டும். எங்கிருந்தாவது குமிழி வரிசையாகக் கிளம்பினால் அந்த அடைப்பு கடலுக்கும் உதவாது, குளத்துக்கும் உதவாது.

ரெவெல் மாதிரியின் கூடு இடம், வலம் எனப் பிரிந்து வருகிறது. உருளையை எடுத்து வைக்கவோ மேல், கீழ் எனப் பிரிய வேண்டும். அதனால் முதலில் ஒட்டிவிட்டு, பிறகு நீளவாக்கில் அறுக்கிறார்கள். அறுப்புக்கோடு ஒரே நேர்க்கோடாக இருப்பதைவிட, முன்முனை மேல்பாகத்தோடும் சுக்கான்கள் உள்ள பின்முனை கீழ்ப்பாகத்தோடும் நிற்குமாறு இரு முனைகளிலும் செங்குத்தாகத் திரும்பும் படிவெட்டே சிறந்தது. முன்னால் ஒரு நாக்கு செருகி, பின்னால் ஒரே ஒரு திருகாணி போட்டால் மூடிவிடலாம். பக்கவாட்டிலும் தளத்துக்கு அடியிலும் உள்ள நீர்வழித் துளைகளில் அடைபட்டிருப்பவற்றைத் துளையிட்டுத் திறக்க வேண்டும். காற்று சிக்காமல் வெளியேற, தளத்தின் உச்சியிலும் வழி வேண்டும். இதைச் செய்யாத மாதிரி மூழ்கும்போது ஒருபக்கமாகச் சாய்ந்து தொங்கும்.

எவ்வளவு நீர் ஏற்ற வேண்டும்?

அசல் ஏழு-சி மேற்பரப்பில் 769 டன் நீரையும், மூழ்கிய நிலையில் 871 டன் நீரையும் வெளியேற்றியது. கன அளவு 72-இன் முப்படி, அதாவது 3,73,248 மடங்கு சுருங்குவதால் இவை முறையே 2.06 கிலோ, 2.33 கிலோ. வேறுபாடு ஏறத்தாழ 270 கிராம். எனவே 270 மி.லி. தொட்டி வேண்டும் என்று முடிவுகட்டுவது வழக்கம். அந்த முடிவு மாதிரிக்கு அப்படியே பொருந்தாது.

ஈரக்கூடு கொண்ட மாதிரியில் கூட்டுக்குள் உள்ள நீர் எடையாகவும் இல்லை, மிதப்பாகவும் இல்லை. நீரை வெளியேற்றுபவை திடப்பொருள்கள் மட்டுமே: பிளாஸ்டிக், உருளை, பித்தளை, நுரை, ஈயம். மாதிரி மேற்பரப்பில் சரியான நீர்க்கோட்டில் மிதக்கும்போது, அக்கோட்டுக்கு மேலே நிற்கும் திடப்பொருள் எதுவும் நீரை வெளியேற்றுவதில்லை. மூழ்கியதும் அவையும் வெளியேற்றத் தொடங்குகின்றன. அந்தக் கூடுதல் கன அளவுக்கு ஈடான நீரைத் தொட்டி உள்ளிழுத்தால் போதும். நீர்க்கோட்டுக்கு மேலே 150 கிராம் பாலிஸ்டைரீன் இருப்பதாகக் கொள்வோம். அதன் அடர்த்தி 1.05, வெளியேற்றும் நீர் 143 கிராம். உருளையின் முதுகு நீர்க்கோட்டுக்கு மேலே சற்றுத் துருத்தினால் அந்தப் பகுதியின் கன அளவையும் கூட்ட வேண்டும். 45 செ.மீ. நீள உருளை ஒரு சில மில்லிமீட்டர் உயர்ந்தாலே தொட்டியின் தேவை பல பத்து மில்லிலிட்டர் கூடிவிடும். ஆகவே உருளையை எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைப்பதும், தளத்தின் அடிப்புறத்தைச் சுரண்டி மெலிதாக்குவதும், கோபுரத்தில் தடித்த பாகங்களைத் தவிர்ப்பதும் அழகுக்காகச் செய்பவை அல்ல. தொட்டியைச் சிறிதாக்கும் வழிகள் அவை.

தொட்டி உருளையின் நடுவில், எடை மையத்துக்கு நேராக அமைய வேண்டும். சற்று முன்னே தள்ளியிருந்தாலும் நீர் ஏறும்போது மூக்கு கவிழும். ஈயத்தை அடிக்கட்டையில் வைத்து, நுரையை மேலே ஆனால் நீர்க்கோட்டுக்குச் சற்றே கீழே ஒட்டினால் மிதப்பு மையம் மேலும் எடை மையம் கீழுமாக நின்று மாதிரி தானே நிமிரும். நுரை நீர்க்கோட்டுக்கு மேலே போய்விட்டால் மேற்பரப்பில் அது பயனற்றுப்போய், மூழ்கும்போது மட்டும் மேலே இழுக்கும். தொட்டிக்கும் சுமை கூடும். நீர் உறிஞ்சாத, அழுத்தத்தில் நசுங்காத கெட்டி நுரையே ஏற்றது.

மூழ்கும் முறைகள்

எளிய முறையில் தொட்டியே கிடையாது. மாதிரியை அரைகுறையாக மிதக்கவிட்டு, வேகமாக ஓட்டி, மூக்கை ஏற்றி இறக்கும் கிடைச்சுக்கான்களால் கீழே அமுக்குகிறார்கள். மோட்டார் நின்றால் மேலே வந்துவிடும் என்பதால் பாதுகாப்பானது. ஆனால் அசல் நீர்மூழ்கிபோல நின்ற இடத்தில் அமிழாது.

தொட்டி வைப்பவர்களிடையே நான்கு வழிகள் நிலவுகின்றன. பிஸ்டன் தொட்டி என்பது மோட்டாரால் இயங்கும் பெரிய ஊசிக்குழல். நீரை இழுத்துத் தள்ளும். அளவைத் துல்லியமாக நிறுத்தலாம் என்பதால் ஜெர்மன் ஓட்டுநர்கள் இதை விரும்புகிறார்கள். ஆனால் பிஸ்டன் உள்ளே வரும்போது உருளைக்குள் காற்று அழுத்தம் கூடுவதைக் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டாவது, சிறு பம்பினால் நீரை ஏற்றி இறக்குவது. மூன்றாவது, உருளைக்குள் உள்ள காற்றையே எடுத்து வெளியிலுள்ள ரப்பர் பையை ஊதுவது. நான்காவது, திரவமாக்கிய வாயுவைத் திறந்து தொட்டியிலுள்ள நீரை வெளியே தள்ளுவது. ஓவியத் தூரிகைத் துப்பாக்கிக்கு விற்கப்படும் ஆர்-134ஏ வாயு இதற்குப் பயன்பட்டது. மைனஸ் 26 டிகிரி செல்சியசில் கொதிக்கும் இவ்வாயு அறை வெப்பத்தில் வளிமண்டலத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் அழுத்தம் தருகிறது. மேலே வரும் வேகத்தில் இதற்கு இணையில்லை. ஆயினும் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியை வெப்பமாக்கும் பொருளை ஒரு பொழுதுபோக்குக்காகக் காற்றில் விடுவது ஏற்கத்தக்கதல்ல. புதிதாகத் தொடங்குபவர் பம்ப்பையோ பிஸ்டனையோ தேர்வதே சரி.

அலைவரிசை

இன்று கடைகளில் கிடைக்கும் ரேடியோக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்சில் இயங்குபவை. இந்த அலைவெண்ணில் நீர் மூலக்கூறுகள் அலையின் ஆற்றலை வெப்பமாக உறிஞ்சிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் இதே வரிசையில்தான். ஆன்டெனா ஓரிரு சாண் ஆழத்துக்குப் போனதும் இணைப்பு அறுந்துவிடும். பழைய 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளின் அலைகளோ நன்னீரில் மீட்டருக்குச் சில டெசிபெல் மட்டுமே வலுவிழக்கின்றன. குளத்தின் அடிவரை எட்டும். அதனால்தான் மற்ற ரேடியோ கன்ட்ரோல் பிரியர்கள் கைவிட்ட செட்டுகளை நீர்மூழ்கி ஓட்டுநர்கள் தேடி வாங்கிப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அங்கே 40 மெகாஹெர்ட்ஸ்கூடச் சில சென்டிமீட்டரிலேயே வலுவிழந்துவிடும். கடலில் பெரிஸ்கோப் ஆழத்துக்குக் கீழே இறங்க ரேடியோவால் வழியில்லை.

மோட்டாரின் கரித்தூரிகைப் பொறி இந்தத் தாழ்ந்த அலைவரிசைகளைக் கலக்கும். மோட்டார் முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளைப் பற்றவைப்பது கட்டாயம். ஆன்டெனாக் கம்பி உருளைக்கு வெளியே ஓடினால் அதன் வெட்டுமுனையை எப்பாக்ஸியால் மூட வேண்டும்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: மோட்டாரை நிறுத்து, தொட்டியைக் காலிசெய். பேட்டரி தளர்ந்தாலும், உருளையின் அடியில் வைத்த இரண்டு வெற்றுக் கம்பிகளை நீர் தொட்டாலும் இதே கட்டளை இயங்குமாறு அமைப்பது அறிவுடைமை.

ஓட்டம்

மாதிரி எழுப்பும் நீரலையின் தோற்றம் அசலைப்போல் அமைய, வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 72-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 8.5. ஏழு-சியின் மேற்பரப்பு வேகம் 17.7 நாட்; மாதிரிக்கு வினாடிக்கு 1.07 மீட்டர். நீருக்கடியில் 7.6 நாட், மாதிரிக்கு அரை மீட்டருக்கும் குறைவு. இந்த மெதுவான ஓட்டத்தில்தான் மாதிரி கப்பலாகத் தெரிகிறது. ஆனால் அதே வேகத்தில் அளவுக்குச் சரியாகச் செய்த சிறு கிடைச்சுக்கான்களின் பிடி தளர்ந்துவிடுவதால் பலர் அவற்றைச் சற்றே பெரிதாக்குகிறார்கள். பின் கிடைச்சுக்கானைச் சாய்வுணரி ஒன்றின் பொறுப்பில் விட்டுவிட்டால் மாதிரி தானே மட்டமாக ஓடும். ஓட்டுநர் முன் கிடைச்சுக்கானால் ஆழத்தை மட்டும் கவனித்துக்கொள்ளலாம்.

குளியல் தொட்டியில் சமன்செய்த மாதிரியைக் கடலுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. கடல்நீரின் அடர்த்தி 1.025 ஆகையால் 2 கிலோ எடையுள்ள மாதிரி அங்கே அமிழ மேலும் ஏறத்தாழ 50 கிராம் ஈயம் வேண்டும். ஓட்டம் முடிந்ததும் கூட்டைத் திறந்து நன்னீரில் அலசி, அச்சு அடைப்புகளில் கிரீஸ் புதுப்பித்து, உருளையின் மூடியைக் கழற்றிய நிலையிலேயே வைக்க வேண்டும். மூடியே வைத்தால் ஓ-ரிங் நசுங்கிய வடிவிலேயே நின்றுபோகும். உள்ளே தங்கிய ஈரம் சர்வோவின் இணைப்புகளைப் பச்சை பூக்க வைக்கும்.