வினைலின் நிறம்: கார் உட்புற வண்ணமாற்றத் தொழிலின் வரலாறு

காரின் இருக்கை உறை, கதவின் உட்பலகை, டேஷ்போர்டு ஆகியவற்றைப் போர்த்தியிருக்கும் வினைலின் நிறத்தை மாற்றும் தொழில், இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அமெரிக்காவில் உருப்பெற்றது. உட்புற நிறத்தை ஒரு விற்பனைச் சரக்காகவே மாற்றிய கார்த் தொழிற்சாலைகளும், துணியைப் போலச் சாயத்தை உறிஞ்சாத வினைலின் இயல்பும் சேர்ந்தே இத்தொழிலுக்கு வழிவகுத்தன. இவ்விரண்டில் வினைலின் இயல்பே தொழிலின் நுட்பத்தைத் தீர்மானித்தது.

வினைலுக்கு முன்பு தோலுக்கு மாற்றாக விளங்கியது நைட்ரோசெல்லுலோஸ் பூசிய துணியாகும். பருத்தியை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்து கிடைக்கும் அப்பொருளைக் கரைத்து, எண்ணெயும் நிறமியும் கலந்து, துணியின் மேல் அடுக்கடுக்காகப் பூசி, தோலின் வரிகளை அதன்மேல் அழுத்திப் பதித்தார்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் என்னும் ஊரில் ரெக்சின் என்ற வணிகப் பெயரில் தயாரானது இவ்வகைத் துணியே. தமிழகத்தில் இன்று வினைல் உறைகளையும் ரெக்சின் என்றே அழைப்பது அப்பழைய சரக்கின் செல்வாக்கால் வந்த வழக்கு. அமெரிக்காவில் இதே வகையைச் சேர்ந்த ஃபேப்ரிகாய்டு துணியைச் செய்துவந்த நிறுவனத்தை டூபான்ட் 1910இல் விலைக்கு வாங்கியது.

வினைல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாலிவினைல் குளோரைடு, அதாவது பி.வி.சி. தன்னியல்பில் விறைப்பும் எளிதில் நொறுங்கும் தன்மையும் கொண்டிருந்த இப்பொருளுக்குத் தொடக்கத்தில் பெரிய பயன் ஏதும் இருக்கவில்லை. ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரிலிருந்த பி.எஃப். குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை ஒன்றைத் தேடும் முயற்சியில், 1926இல் பி.வி.சி.யை உயர்ந்த கொதிநிலை கொண்ட கரைப்பானில் இட்டுச் சூடாக்கியபோது வளைந்து கொடுக்கும் ஒரு பொருள் கிடைத்தது. இவ்வாறு பலபடியின் மூலக்கூறுகளுக்கிடையே புகுந்து அவற்றை நெகிழச் செய்யும் திரவத்துக்கு நெகிழ்வூட்டி என்று பெயர். அதே குட்ரிச் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு 1960களில் சேலம் மாவட்டம் மேட்டூரில் பி.வி.சி. உற்பத்தி தொடங்கியதால், செமனின் கண்டுபிடிப்புக்குத் தமிழகத்திலும் ஒரு கிளை உண்டு.

நெகிழ்வூட்டிய வினைலில் நிறமியைக் கலந்த பிறகே அதைத் துணியின் மேல் படலமாகப் படியவைத்தார்கள் என்பதால், அதன் நிறம் மேற்பூச்சாக நில்லாமல் படலத்தின் உள்வரை பரவியிருந்தது. யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் நிறுவனம் 1936இல் நாகஹைடு என்ற பெயரை வணிகக் குறியீடாகப் பயன்படுத்தத் தொடங்கியது; இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அப்பெயர் வினைல் உறைகளுக்கே உரியதாக அமெரிக்கர்களிடம் நிலைத்தது.

நிறம் விற்பனைச் சரக்கானதற்கு அடித்தளமிட்டது ஜெனரல் மோட்டார்ஸ். விரைவில் உலரும் டூக்கோ லாக்கர் வண்ணத்தை 1924ஆம் ஆண்டு மாதிரி ஓக்லண்ட் கார்களில் பயன்படுத்திய அந்நிறுவனம், 1927இல் ஹார்லி ஏர்லின் தலைமையில் கலைக்கும் நிறத்துக்கும் எனத் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. 1950களில் காரின் வெளிப்புறத்தைப் போலவே உட்புறமும் இரட்டை நிறங்களில் வரத் தொடங்கியது. நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை எனப் பல வண்ண வினைல்கள் வாங்குவோரின் தெரிவுக்கு வைக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டில் தரை விரிப்பு, ஸ்டீயரிங், கதவுப் பலகை அனைத்தும் ஒரே நிறக் குடும்பத்தில் அமைவதே முறையாயிற்று.

இந்த ஒருமையே பின்னாளில் பழுதின் மூலமாகவும் ஆயிற்று. பயணிகள் உட்புறப் பரப்புகளில் மோதிக் காயமடைவதைக் குறைக்கும் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததும், நுரைப்பஞ்சின் மேல் வினைல் தோல் போர்த்திய மெத்தை டேஷ்போர்டு பரவலாயிற்று. முன்கண்ணாடியின் கீழே நேர் வெயிலில் கிடக்கும் அப்பகுதியிலிருந்து நெகிழ்வூட்டி மெல்ல ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலான படலமாகப் படிய, அதை இழந்த வினைல் விறைத்து வெடித்தது. வினைல், ஏ.பி.எஸ். என்னும் கடினப் பிளாஸ்டிக், விரிப்பின் நூல் ஆகியவை வெவ்வேறு வேகத்தில் வெளிறியமையால், தொழிற்சாலையில் ஒன்றாயிருந்த நிறம் சில ஆண்டுகளில் பலவாகப் பிரிந்தது. அதை மீண்டும் ஒன்றாக்கும் தேவை எழுந்தது.

இதற்காகக் கடைகளில் வினைல் சாயம் என்று விற்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் சாயங்கள் அல்ல. சாயம் என்பது இழைக்குள் ஊறி நிறமளிப்பது; நிறமி என்பது கரையாத நுண்துகளாக ஒரு பிசினில் தங்கிப் பரப்பை மூடுவது. வினைல் பூச்சில் வினைல் பிசினோ அக்ரிலிக் பிசினோ நிறமியோடு சேர்த்துக் கீட்டோன் வகைக் கரைப்பானில் கரைக்கப்பட்டிருந்தது. அக்கரைப்பான் பழைய வினைலின் மேற்பரப்பைச் சற்றே இளக்க, புதிய பிசின் அதனோடு பிணைந்து உலர்ந்தது. ஆகவே வளையும் பரப்பிலும் பூச்சு உரியாமல் நின்றது. சாதாரணக் கார் வண்ணம் இத்தகைய பரப்பில் வெடித்து உதிர்ந்தது.

தொடக்கத்தில் இப்பணி ஸ்பிரே கன்னும் காற்றழுத்தியும் வைத்திருந்த பட்டறைகளுக்கு உரியதாக இருந்தது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் சீமோர் 1949இல் வண்ணத்தை அழுத்தக் குப்பியில் அடைத்துத் தெளிக்கும் முறையைக் கண்டறிந்ததும், அதைத் தொடர்ந்து வினைல் பூச்சும் குப்பிகளில் கிடைத்ததும், கார் உரிமையாளரே தம் வீட்டில் இவ்வேலையைச் செய்துகொள்ள வழி திறந்தன. ஆனால் வேலையின் முக்கிய பகுதி தெளிப்பில் இல்லை, அதற்கு முந்தைய துப்புரவிலேயே இருந்தது. பளபளப்பூட்டும் பொருட்களிலுள்ள சிலிக்கோன் வினைலின் வரிகளுக்குள் தங்கிவிடுவதால், அதை முற்றிலும் அகற்றாத இடத்தில் பூச்சு ஒட்டாமல் வட்டக் குழிகளாக விலகியது. இதன்பொருட்டுச் சோப்புநீரும் தூரிகையும் கொண்டு தேய்த்து, பின் கரைப்பானால் துடைத்து, இடையிடையே உலரவிட்டுப் பல மெல்லிய பூச்சுகள் தெளிப்பது வழக்கமாயிற்று. ஒரே கனத்த பூச்சு தோலின் வரிகளை நிரப்பி மழுங்கச் செய்ததோடு, உட்புறத்துக்குப் பொருந்தாத மினுக்கத்தையும் தந்தது. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் எந்தப் பூச்சும் எளிதில் பற்றாது என்பதால், அப்பகுதிகளுக்கு ஒட்டுத்திறன் கூட்டும் முன்பூச்சு ஒன்று கட்டாயமாயிற்று. அடர்நிறத்திலிருந்து வெளிர்நிறத்துக்கு மாற்றிய இருக்கையில் சிறு கீறலும் பழைய நிறத்தைக் காட்டிக்கொடுத்ததால், அனுபவமுள்ளோர் அடர்நிறத்துக்கு மாறுவதையே பரிந்துரைத்தனர்.

காற்று மாசைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இறுகியபோது, கரைப்பான் மிகுந்த பூச்சுகளுக்குப் பக்கத்தில் நீர் சார்ந்த பாலியூரித்தேன் பூச்சுகளும் இடம்பிடித்தன. மறுபுறம், வண்ண உட்புறங்கள் படிப்படியாகக் குறைந்து கறுப்பு, சாம்பல், இளம்பழுப்பு ஆகியவையே பெரும்பாலான கார்களில் எஞ்சின. ஆனால் இம்மாற்றம் தொழிலை அழித்துவிடவில்லை. 1960களின் அமெரிக்கக் கார்களைப் புதுப்பிப்போருக்கான மறுவார்ப்புப் பகுதிகளை ஒவ்வொரு நிறத்திலும் தனித்தனியே செய்வது கட்டுப்படியாகாது. எனவே அவற்றுள் பல கறுப்பிலோ வெள்ளையிலோ மட்டுமே விற்பனைக்கு வருகின்றன, அவற்றுக்கு உரிய நிறத்தை வினைல் பூச்சே தருகிறது. சாயம் ஏற்காத ஒரு பொருளுக்கென உருவான இந்தப் பழுதுநீக்கும் உத்தி, தொழிற்சாலைகள் கைவிட்ட நிறங்களைப் புழக்கத்தில் வைத்திருக்கும் முதன்மை வழியாக இன்று நிலைபெற்றுள்ளது.