கிளப் வாசலும் ஆட்ட ஆசான்களும்

விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வென்றவர் பெயரையும் வென்ற ஆண்டையும் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் யார், பந்தைச் செய்தவர் யார், திடலைப் பேணியவர் யார் என்ற செய்திகள் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலேயே கழித்தவன் நான். ஆதலால் எந்தக் கலையைப் பற்றிப் படித்தாலும், இதன் ஆசிரியர் யார் என்று தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வாறு தேடியபோது என் மனத்தைக் கவர்ந்த ஒரு வரலாற்றை இன்று மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது கோல்ப் என்னும் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்களின் வரலாறு.

உதகையிலும் கொடைக்கானலிலும் மலைச்சரிவுப் புல்வெளிகளில் இந்த ஆட்டத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். நீண்ட மட்டையால் சிறு பந்தை அடித்து, பல நூறு கஜ தூரத்தில் உள்ள ஒரு குழிக்குள் விழச்செய்ய வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிப்பவரே வெற்றி பெற்றவர். இதனைச் செல்வர்களின் ஆட்டம் என்று சொல்வது வழக்கம். செல்வர்கள் சங்கம் அமைத்து ஆடினார்கள் என்பது உண்மையே. அவர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் என்பதும் அதே அளவு உண்மை.

ஆட்டம் வேரூன்றிய இடம் ஸ்காட்லாந்து. 1457-ஆம் ஆண்டிலேயே, மக்கள் வில்வித்தைப் பயிற்சியை மறந்து இதில் மூழ்கிவிடுகிறார்கள் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் இதற்குத் தடை விதித்தது. 1754-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடற்கரை ஊரில் இருபத்திரண்டு கனவான்கள் கூடி ஒரு சங்கம் நிறுவினர். அதுவே பின்னர் அரசரின் ஆதரவு பெற்று, இவ்வாட்டத்தின் விதிகளை வகுக்கும் பெருஞ்சங்கமாக வளர்ந்தது. கனவான்கள் ஆடும்போது அவர்களின் மட்டைகளைச் சுமந்து செல்ல ஆட்கள் தேவைப்பட்டனர். அவர்களைக் ‘கேடி’ என்று அழைப்பர். நம் ஊரில் அச்சொல் காவல் நிலையத்துப் பதிவேட்டை நினைவூட்டும். ஆகையால் நான் மட்டை சுமப்போர் என்றே குறிப்பிடுகிறேன். நாள்தோறும் திடலில் நடந்து, எந்தப் பந்து எங்கே விழும் என்பதைக் கண்டு கண்டு, இந்தப் பணியாட்கள் தம் எஜமானர்களைவிட ஆட்டத்தை நன்கு அறிந்தவர்களாயினர். தொழில்முறை ஆட்டக்காரர் என்னும் இனம் தோன்றியது இவ்வாறுதான்.

அவர்களுள் முதல்வர் என்று வரலாற்றாசிரியர் குறிப்பது ஆலன் ராபர்ட்சன் என்பவரை. அவர் பந்து செய்வோர் குடும்பத்தவர். அக்காலத்துப் பந்து தோலால் ஆனது. ஒரு தொப்பி நிறையப் பறவை இறகுகளை வேகவைத்து, அவ்வளவையும் ஒரு சிறு தோலுறைக்குள் திணித்துத் தைக்க வேண்டும். கைதேர்ந்தவரும் நாள் ஒன்றுக்குச் சில பந்துகளே செய்ய முடியும். 1848-இல் மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவைக் கொண்டு புதுப்பந்து வந்தது. அதை வெந்நீரில் இளக்கி உருட்டிவிடலாம். விலையும் மிகக் குறைவு. தம் பிழைப்புக்கு இடர் வந்துவிட்டதென்று ராபர்ட்சன் அஞ்சினார். அவரிடம் தொழில் பயின்ற டாம் மாரிஸ் என்னும் இளைஞர் புதுப்பந்தால் ஆடியதைக் கண்டு சினந்தார். ஆசானும் மாணவனும் பிரிந்தனர். 1851-இல் மாரிஸ் மேற்குக் கரையில் உள்ள பிரெஸ்ட்விக்குக்குச் சென்று திடல் காப்பாளரானார். பின்னர் ராபர்ட்சனும் புதுப்பந்துக்கு மாறினார். புதுக்கருவி வரும்போது முதலில் அஞ்சுவதும் பிறகு அதனையே கைக்கொள்வதும் எல்லாத் தொழிலிலும் காணப்படும் இயல்பே.

1859-இல் ராபர்ட்சன் மறைந்தார். அவருக்குப் பின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று காண, மறு ஆண்டு, அதாவது 1860 அக்டோபர் 17 அன்று, பிரெஸ்ட்விக்கில் ஒரு போட்டி நடந்தது. எட்டே பேர் ஆடினர். வில்லி பார்க் 174 அடிகளில் வென்றார். மாரிஸ் இரண்டு அடிகள் பின்தங்கினார். பரிசு செந்நிறத் தோலில் வெள்ளிப் பூண் இட்ட ஓர் அரைக்கச்சை. இன்று உலகெங்கும் பேசப்படும் ஓப்பன் போட்டியின் தொடக்கம் இதுவே. அதன்பின் 1861, 1862, 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் மாரிஸ் வென்றார். அவர் மகனான இளைய டாம் 1868 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்று, அந்தக் கச்சையையே தமதாக்கிக்கொண்டார். 1872-இல் மீண்டும் வென்றார். ஆனால் 1875-இல் மனைவியும் பிறந்த குழந்தையும் மறைய, அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், தம் இருபத்து நான்காம் வயதில் அவரும் மாண்டார். தந்தையோ மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் மணல் தூவிப் புல் வளர்த்து, மட்டை செய்து, வந்தவர்க்கெல்லாம் ஆட்டம் சொல்லிக்கொடுத்து, 1908-இல் மறைந்தார்.

முதிய டாமின் உருவப்படத்தை வரையச் செய்து சங்கத்தார் தம் மாளிகையில் மாட்டினர். அவரிடம் அவர்கள் அன்பு காட்டினர், அதில் ஐயமில்லை. ஆயினும் அவர் அச்சங்கத்தில் ஊதியம் பெறும் ஊழியரேயன்றி உறுப்பினர் அல்லர். ஆட்டத்தைக் கற்றுத் தருபவரின் படம் உள்ளே இருக்கலாம்; அவர் இருக்க வேண்டிய இடம் வெளியே உள்ள பட்டறை. இதுவே அக்காலத்து முறை. வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுவது என்றால் என்ன என்பதை நம் நாட்டு மாணவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்த முறையை மாற்ற முயன்றவர்களுள் முதலில் கூறத்தக்கவர் ஜே. எச். டெய்லர். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1871-இல் வறிய குடும்பத்தில் பிறந்தவர். பதினோராம் வயதில் பள்ளியை விட்டு, மட்டை சுமந்தும் வீட்டு வேலை செய்தும் வளர்ந்தார். ஓப்பன் போட்டியை ஐந்து முறை வென்றார். ஆனால் அவருடைய பெருமைக்கு அந்த ஐந்து வெற்றிகளைவிட 1901-ஆம் ஆண்டின் செயலே காரணம் என்பது என் கருத்து. அக்காலத்தில் ஆட்ட ஆசிரியரின் சம்பளம் மிகச் சிறிது. மட்டையும் பந்தும் விற்றுத்தான் குடும்பம் நடத்த வேண்டும். சில சங்கங்கள் அந்த விற்பனை உரிமையில் கை வைக்கத் தொடங்கின. தனித்தனியே முறையிட்டால் யார் கேட்பர்? டெய்லர் தம் தொழிலினரை ஒன்று திரட்டி, தொழில்முறை கோல்ப் ஆட்டக்காரர் சங்கத்தை நிறுவி, அதன் முதல் தலைவரானார். துன்புற்றோர்க்கு உதவுநிதி, வேலையற்றோர்க்கு வேலை தேடித் தருதல், போட்டிகள் நடத்துதல் ஆகியவை அதன் நோக்கங்கள். 1943-இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். கோல்ப் ஆட்டமே தம் வாழ்நாட்பணி என்று அதற்குப் பெயரிட்டார். பதினொரு வயதோடு படிப்பை முடித்தவர் பிறர் துணையின்றித் தாமே எழுதிய நூல் அது என்பர். முதுமையில், பழம்பெருஞ் சங்கம் அவரைக் கௌரவ உறுப்பினராக ஏற்றது.

டெய்லர் அமைப்பால் சாதித்ததை அமெரிக்கரான வால்டர் ஹேகன் தன்மான உணர்வால் சாதித்தார். இவர் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரக் கொல்லர் ஒருவரின் மகன். இவரும் மட்டை சுமந்தவரே. 1920-இல் இங்கிலாந்தில் டீல் என்னும் இடத்தில் ஓப்பன் போட்டிக்கு வந்தபோது, தொழில்முறை ஆட்டக்காரர் கிளப் மாளிகைக்குள் வரக்கூடாது என்றனர். ஹேகன் ஒரு பெரிய மோட்டார் வண்டியை வாடகைக்கு அமர்த்தி, மாளிகையின் எதிரிலேயே நிறுத்தி, அதையே உடைமாற்றும் அறையாகக் கொண்டார். அதே ஆண்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்து இன்வர்னெஸ் கிளப், தேசியப் போட்டிக்கு வந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தன் கதவைத் திறந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் தமக்குள் பணம் திரட்டி, ஆளுயரத்துக்கும் மேலான கடிகாரம் ஒன்றை அந்தக் கிளப்புக்கு நன்றியாக அளித்தனர். 1923-இல் ஸ்காட்லாந்தின் ட்ரூனில் ஹேகன் இரண்டாம் இடம் பெற்றார். போட்டி நாட்களில் உள்ளே விடாதவர்கள், பரிசளிப்புக்கு மட்டும் உள்ளே அழைத்தனர். அவர் மறுத்தார், கூடியிருந்த மக்களைத் தாம் தங்கிய விடுதிக்கு வருமாறு அழைத்துச் சென்றார். மரியாதை என்பது ஒரு நாள் விருந்தன்று என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

இனி, கதவு தாமாகத் திறவாத இரு இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் 1916-இல் தோன்றியது. வெளியே நிறுத்தப்பட்டோர் தம் உரிமைக்காக அமைத்த அதே சங்கம், பின்னர், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி எழுதியது! வாசலில் நின்றவன் உள்ளே போனதும் கதவைச் சாத்துவது மனித வரலாற்றில் புதிதன்று; எனினும் படிக்கும்போது நெஞ்சு சுடுகிறது. சார்லி சிஃபர்ட் என்னும் கறுப்பினத்தவர் வசையையும் மிரட்டலையும் தாங்கி ஆடிக்கொண்டே இருந்தார். 1961 நவம்பரில் அவ்விதி நீங்கியபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. ஆட்டக்காரனின் நல்ல ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதற்குப் பின்னும் 1967-இலும் 1969-இலும் பெரும்போட்டிகளை வென்றார். தம் வரலாற்றை அவர் 1992-இல் நூலாக வெளியிட்டார். என்னை ஆட மட்டும் விடுங்கள் என்பதே அந்நூலின் தலைப்பு.

மற்றோர் இடம் தென்னாப்பிரிக்கா. பிரெஸ்ட்விக்கில் அந்த எட்டுப் பேர் ஆடிய 1860 அக்டோபரில், நம் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கடலில் சென்றுகொண்டிருந்தது. நவம்பர் 16 அன்று அது டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் வந்த பல கப்பல்களில் தமிழரும் தெலுங்கரும் வட இந்தியரும் சென்று குடியேறினர். அந்த இந்தியச் சமூகத்தில் பிறந்தவர் பாப்வா செவ்கோலம். அவரும் மட்டை சுமந்தே ஆட்டம் கற்றார். ஆசிரியர் எவரும் இல்லாமையால், மட்டையைப் பிடிப்பதில் உலகோர் கைகளை வைக்கும் வரிசைக்கு நேர்மாறாக வைத்துப் பழகினார். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் ஹாலந்து நாட்டு ஓப்பன் போட்டியை வென்றார். 1963-இல் தம் சொந்த ஊரான டர்பனில் நேட்டால் ஓப்பனையும் வென்றார். வெள்ளையர் மாளிகைக்குள் அவர் நுழையக் கூடாது. ஆகவே கொட்டும் மழையில் வெளியே நின்றபடி பரிசுக் கோப்பையைப் பெற்றார். அந்தக் காட்சியின் படம் உலகெங்கும் பரவி, நிறவெறி ஆட்சியைத் தலைகுனியச் செய்தது. 1965-இல் புகழ்பெற்ற கேரி பிளேயரையே வென்றார். விரைவில் அரசாங்கம் அவரைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. 1978-இல் வறுமையில் மறைந்தார். இன்று டர்பனில் ஒரு கோல்ப் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வாசலைப் பற்றியே இதுவரை பேசினேன். உள்ளே சென்றவர்கள் எதைக் கொடுத்தார்கள் என்பதையும் பார்ப்போம். பென் ஹோகன் என்பவர் டெக்சாஸ் மாநிலத்துக் கொல்லர் மகன். 1949-இல் பேருந்து மோதி எலும்புகள் நொறுங்கியவர், மறு ஆண்டே அமெரிக்க ஓப்பனை வென்றார். தனியே பயின்று பயின்று தாம் கண்டவற்றை 1957-இல் ஐந்து பாடங்களாக வகுத்து எழுதினார். ஆட்டத்தை இலக்கண நூல் போல முறைப்படுத்தியவர் அவர்.

ஹார்வி பெனிக் வேறு வகை ஆசிரியர். 1904-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் பிறந்து, எட்டு வயதில் மட்டை சுமக்கத் தொடங்கி, 1923-இல் அதே கிளப்பின் தலைமை ஆசிரியரானார். சாம் ஸ்னீட் என்னும் இளைஞரின் அடியைக் கண்டதும், தம் பணி ஆடுவதன்று, கற்பிப்பதே என்று தெளிந்தாராம். மாணவரிடம் எந்தச் சொல் பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஒரு சிறு சிவப்புக் குறிப்பேட்டில் எழுதி வந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் தம் மகனைத் தவிர வேறு எவருக்கும் அதைக் காட்டவில்லை. டாம் கைட், பென் கிரென்ஷா என்னும் இரு சிறுவர்கள் அவரிடம் ஒரே காலத்தில் பயின்றனர். ஒருவனுக்குச் சொல்வது மற்றவனுக்குப் பொருந்தாது என்று, இருவரையும் தனித்தனியே வைத்தே கற்பித்தார். ஆசிரியப் பயிற்சியில் தனியாள் வேறுபாடு என்று பக்கம் பக்கமாக நாங்கள் படித்ததை, அவர் புல்வெளியில் நின்று தாமே கண்டுகொண்டார்.

அக்குறிப்பேடு 1992-இல் நூலாகப் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பதிப்பகத்தார் தொண்ணூறாயிரம் டாலர் என்று சொன்னபோது, அத்தொகையைத் தாம் கட்ட வேண்டும் போலும் என்று முதியவர் கவலைப்பட்டாராம். 1995-இல் படுத்த படுக்கையாக இருந்தபோதும் கிரென்ஷாவுக்கு ஒரு பாடம் சொன்னார். ஏப்ரல் 2 அன்று அவர் உயிர் நீத்தார். கிரென்ஷா உடலைச் சுமந்து அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி, ஏப்ரல் 9 அன்று மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். கடைசிப் பந்து குழியில் விழுந்ததும் முகத்தைக் கைகளில் புதைத்துக் குனிந்து நின்றார்.

நம் நாட்டில் இவ்வாட்டம் பழமையானது. கல்கத்தா கிளப் 1829-இலேயே தோன்றியது. எனினும் இந்திய ஓப்பன் போட்டியை ஓர் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் வென்றது 1991-இல்தான். அவர் பெயர் அலி ஷேர். டெல்லியில் மட்டை சுமந்து ஆட்டம் கற்றவர் அவர். 1993-இல் மீண்டும் வென்று, அது தற்செயல் அன்று என்பதைக் காட்டினார்.

மாணவர்களே, செயின்ட் ஆண்ட்ரூஸ் முதல் டெல்லி வரை இந்த வரலாறு ஒரே செய்தியைச் சொல்கிறது. ஒரு கலையின் அறிவு எப்போதும் மாளிகைக்குள் இருப்பதில்லை. பல வேளைகளில் அது வாசலுக்கு வெளியே மூட்டை சுமந்து நிற்கிறது. ஒருவனுடைய திறமையை வாங்கிக்கொண்டு அவனை வெளியே நிறுத்தும் சமூகம், தான் கற்ற கல்விக்கே நன்றி மறந்ததாகும். நீங்கள் நாளை பல மாளிகைகளுக்குள் செல்வீர்கள். அப்போது உங்களுக்கு அந்த வழியைக் கற்றுக்கொடுத்தவர் எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கதவைத் திறந்தே வைத்திருங்கள்.