பகலில் இருக்கை, இரவில் படுக்கை

1967 அக்டோபர் 1. ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென் அப்போது ஷின்-ஒசாகாவோடு நின்றுவிடும். அதற்கு மேற்கே கியூஷூ வரை போகிறவர்களுக்குப் பழைய தண்டவாளம்தான். அந்தத் தடத்தில் அன்று இறங்கிய 581 வரிசை மின்ரயில், இரவில் ‘கெக்கோ’ (நிலவொளி) என்ற பெயரில் ஹகாடாவுக்கு ஓடியது. அதே பெட்டிகள் பகலில் ‘மிதோரி’ (பச்சை) ஆகி ஷின்-ஒசாகாவுக்கும் ஓயிதாவுக்கும் இடையே ஓடின. இரண்டுமே லிமிடெட் எக்ஸ்பிரஸ்கள்.

ரயில்வேக்கு வண்டிகளும் போதவில்லை, அவற்றை நிறுத்திவைக்க யார்டில் இடமும் போதவில்லை. படுக்கை வண்டி பகலெல்லாம் சும்மா நிற்பானேன் என்ற கேள்வியில் பிறந்தது இது. எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்தால் கீழ் பெர்த். மேலே மடங்கிக் கிடப்பதை இறக்கினால் நடு பெர்த், மேல் பெர்த். இரண்டு பேர் இருக்கையின் அகலம் அப்படியே கிடைத்ததால் கீழ் பெர்த் 106 செ.மீ. அகலம். அக்கால மூன்றடுக்குப் படுக்கை வண்டிகளில் இருந்ததோ வெறும் 52. மேலே இருந்த இரண்டும் 70 செ.மீ.; அவற்றில் நிமிர்ந்து உட்கார முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம், மேலே ஓடும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃபுக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கருவிக்காகக் கூரையைத் தாழ்த்தியதால் அங்கே மேல் பெர்த் வைக்க வழியில்லை. ஆகவே அங்குள்ள நடு பெர்த்தில் தலைக்கு மேல் தாராளமான வெளி. கட்டணம் நடு பெர்த்துக்கு உரியதுதான். விஷயம் தெரிந்தவர்கள் அந்த எண்ணைக் கேட்டு வாங்கினார்கள். அளவு நாடாவோடு போராடிய பொறியாளர் தன்னை அறியாமல் தந்த பரிசு அது.

ஜப்பானின் கிழக்கில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. இரண்டிலும் ஓடும் 583 வரிசை 1968இல் வந்து, உயேனோவிலிருந்து வடக்கே அவோமோரி வரை போனது. 1972 வரை இரு வரிசையிலும் சேர்த்து 434 பெட்டிகள்.

1975இல் ஷின்கான்சென் ஹகாடாவைத் தொட்டது. மேற்கில் பகல் வேலை போயிற்று. 1982இல் வடக்கிலும் ஷின்கான்சென் நுழைந்தது. படுக்கைக்காக அமைந்த எதிரெதிர் இருக்கை, சாயும் இருக்கைகளுக்குப் பழகியவர்களுக்குப் பிடிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. 1984 முதல் பல பெட்டிகள் உள்ளூர் பாசஞ்சராக மாற்றப்பட்டன: கியூஷூவிலும் செண்டாயிலும் 715 வரிசை, ஹொகுரிகுவில் 419 வரிசை. ஓட்டுநர் அறை போதாததால் நடுப் பெட்டிகளை வெட்டித் தட்டையான முகம் ஒட்டினார்கள். உயரக் கூரையும் சப்பை முகமுமாக நின்றதை மக்கள் ‘ரொட்டி ரயில்’ என்றார்கள். நீண்ட தூரப் பயணிக்காகச் செய்த ஒடுங்கிய மடக்குக் கதவில், காலை நெரிசல் ஏறி இறங்கத் திணறியது. அப்படியும் 419 வரிசை 2011 வரை பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்தது.

மாறாமல் மிஞ்சியவை ஒசாகா–நீகாடா ‘கிதாகுனி’யில் 2012 வரை அன்றாடம் படுக்கை விரித்தன. கடைசித் தொடர் 2017 ஏப்ரல் 8 அன்று அகிதாவிலிருந்து விடைபெற்றது.

கியூஷூவின் மோஜியில், ரயில்வே அருங்காட்சியகத்தில், 581-8 என்ற முகப்புப் பெட்டி நிற்கிறது. ‘கெக்கோ’ காலத்துப் பெட்டி. உள்ளூர் வண்டியாக இருந்தபோது அதன் எண் 715-1. இப்போது மறுபடி எக்ஸ்பிரஸின் பழைய வண்ணம் பூசியிருக்கிறார்கள்: இளமஞ்சள் உடல், நீலப் பட்டை.