ஒரகடம் எழுந்த கதை: 96 பேரின் ஆட்சி

நோக்கியா ஆலையின் திறப்பு விழாவோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 2005 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டது ஜெயலலிதா அரசு. 2006 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை முறைப்படி திறக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் அந்த அரசு தேர்தலில் தோற்றுவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்த வரிச் சலுகைகளுக்கு இனி யார் பொறுப்பு?

புதிதாக வந்தவர்களின் பலமே கேள்விக்குறியாக இருந்தது. 234 பேர் கொண்ட சபையில் ஆட்சிக்கு 118 பேர் வேண்டும். தி.மு.க.வுக்குக் கிடைத்தது 96. காங்கிரஸ் 34, பா.ம.க. 18, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்ந்து 15 என்று வெளியிலிருந்து ஆதரவு வந்தது. 375 பேர் சபையில் 152 பேரை வைத்துக்கொண்டு 1952-ல் ராஜாஜி முதல்வரானாரே, அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிடைக்காத தேர்தல் இதுதான். 'மைனாரிட்டி தி.மு.க. அரசு' என்றே ஜெயலலிதா ஐந்தாண்டும் அழைத்தார்.

மே 13-ம் தேதி பதவியேற்பு மேடையிலேயே கூட்டுறவு விவசாயக் கடன் தள்ளுபடிக்குக் கருணாநிதி கையெழுத்திட்டார். தொகை 6,866 கோடி ரூபாய். ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய், இலவச வண்ணத் தொலைக்காட்சி என்று செலவுகள் வரிசைகட்டி நின்றன. இத்தனைக்கும் நடுவே தொழிற்சாலைகளுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும். நிதியமைச்சர் அன்பழகன் ஜூலையில் பட்ஜெட்டைப் படித்தபோது கோட்டையில் நிலவரம் இதுதான்.

பட்ஜெட் உரையைத்தான் எல்லோரும் கவனிக்கிறோம். ஆட்சியின் உயிர் இருப்பதோ அதற்குப் பின்னால் நடக்கும் மானியக் கோரிக்கைகளில். துறை துறையாக விவாதம் நடக்கும். எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொடுக்கும். கடைசியில் பேரவைத் தலைவர், 'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்பார். ஒரே ஒரு வெட்டுத் தீர்மானம் ஜெயித்துவிட்டால் போதும், அரசு நீடிக்க முடியாது. நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறும்வரை 96 பேர் கட்சிக்கு நிம்மதி கிடையாது.

இங்கேதான் நம் தொகுதியைப் பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் அப்போது தி.மு.க. கையில் இல்லை, காங்கிரஸின் டி. யசோதா அதன் உறுப்பினர். 1980, 1984, 2001, 2006 என நான்கு முறை வென்றவர். 2001-ல் அ.தி.மு.க. அணியில், 2006-ல் தி.மு.க. அணியில். அமைச்சரவையில் காங்கிரஸுக்கு இடம் தரப்படவில்லை. ஆட்சியில் பங்கு வேண்டும் என்ற குரல் அந்தக் கட்சிக்குள் ஓயவும் இல்லை. ஆனாலும் அந்த 34 பேரும் பட்ஜெட்டுக்குத் துணை நின்றார்கள். நாற்காலி இல்லாமல் பொறுப்பை மட்டும் சுமப்பது அரசியலில் அரிது. இந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தின் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது என் உறுதியான கருத்து. அதேபோல, 1996-ல் ஃபோர்டு ஒப்பந்தத்தைக் கைவிடாத கருணாநிதி, ஜெயலலிதா போட்ட நோக்கியா ஒப்பந்தத்தையும் தொடர்ந்தார். மேடையில் எவ்வளவு வசை பாடிக்கொண்டாலும் முன்னவர் கையெழுத்தைப் பின்னவர் மதித்தார். முதலீடு இந்தப் பக்கம் தொடர்ந்து வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஆதரவுக்கு விலையும் உண்டு. அதே 2006-ல் வண்டலூர்–கேளம்பாக்கம் பக்கம் துணை நகரம் அமைக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. விவசாய நிலம் பறிபோகும் என்று பா.ம.க. எதிர்த்தது. தோழமைக் கட்சியைப் பகைக்க முடியாத அரசு, திட்டத்தைக் கைவிட்டது. ஊர்க்காரர்களின் நிலம் பிழைத்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலம் என்ற சொல்லைக் கேட்டாலே கூட்டணி நடுங்கும் என்பது கோட்டைக்குப் புரிந்துபோனது.

அந்த நிலையில்தான், 2007 பிப்ரவரியில், ஒரகடத்தில் மாபெரும் கார் ஆலைக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 4 லட்சம் கார்கள், 4,000 கோடி ரூபாய் முதலீடு. மகிந்திரா, ரெனோ, நிசான் என்று மூன்று பெரிய நிறுவனங்கள் ஒரே ஆலைக்காகக் கைகோத்தன.

கோட்டை பயந்தது தோழமைக் கட்சிகளை நினைத்து. முறிவு வந்ததோ வேறு பக்கத்திலிருந்து. அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே அந்த மூவரில் ஒருவர் விலகிக்கொண்டார். யார் அவர்? மீதி இருவரும் ஒரகடத்தில் நின்றார்களா?

(அடுத்த வாரம் தொடரும்)