கட்டுமரம் முதல் ஃபைபர் படகு வரை: படகைத் தேர்ந்தெடுப்பது யார்?

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களில் 'கட்டமரான்' ஒன்று என்பது பலருக்கும் தெரிந்த செய்திதான். 1697-ல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரம் பற்றிய குறிப்பு இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இன்று மேல்நாட்டில் அந்தப் பெயரில் ஓடுவது இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு! நம் கட்டுமரமோ சில மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான்.

சரி, ஆயிரக்கணக்கான மீனவர்கள் ஏன் இந்த எளிய மிதவையை விடாமல் வைத்திருந்தார்கள்? வறுமையும் அறியாமையும்தான் காரணம் என்று பல அதிகாரிகள் நினைத்தார்கள். உண்மைக் காரணம் கரையில் இருக்கிறது.

அலை உடையும் கரை

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை பெரும்பாலும் திறந்த மணல் கரை. இயற்கைத் துறைமுகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆழ்கடல் அமைதியாக இருக்கும் நாளிலும் கரைக்குப் பக்கத்தில் அலை உடைந்து விழும். சாதாரணப் படகு அந்த இடத்தில் தண்ணீர் ஏறிக் கவிழும். கட்டுமரத்தில் தண்ணீர் தேங்க இடமே இல்லை; ஏறிய நீர் மரங்களின் இடுக்கு வழியாக இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தூக்கிக் காய வைத்துவிடலாம். துறைமுகமும் வேண்டாம், நங்கூரமும் வேண்டாம்.

பழைய சென்னையின் மசூலா படகும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1870களில் துறைமுக வேலை தொடங்கும் முன்பு, கப்பல்கள் தூரத்தில் நிற்க, ஆட்களும் சரக்கும் மசூலாவில்தான் கரை சேர்ந்தார்கள். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைகள் அவை. தரையில் மோதும்போது உடையாமல் வளைந்து கொடுத்தன. அலை குறைந்த பாக் நீரிணைப் பக்கம் போனாலோ வள்ளமும் வத்தையும் வந்துவிடும். ஆக, படகின் வடிவத்தை முதலில் தீர்மானித்தது கரைதான்.

எஞ்சின் வந்த கதை

சுதந்திரத்துக்குப் பிறகு மீன்பிடியை நவீனமாக்கும் ஆர்வம் எழுந்தது. 1952-ல் இந்தியா, நார்வே, ஐ.நா. சபை மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அடுத்த ஆண்டு கேரளத்தின் கொல்லம் அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது. எஞ்சின் படகுகள் வந்தன. ஆனால் அவை நிற்க முகத்துவாரமோ துறைமுகமோ தேவைப்பட்டது. பிறகு இறால் ஏற்றுமதியில் பணம் கொட்டியதும் இழுவலை விசைப்படகுகள் பெருகின. தமிழ்நாட்டிலும் இதே கதைதான்.

இதன் விளைவு என்ன? துறைமுகம் இருந்த ஊர்கள் வளர்ந்தன. மணல் கரை மட்டுமே இருந்த ஊர்க்காரர்கள் பழைய கட்டுமரத்தோடு நின்றார்கள். அது மட்டுமல்ல, கரையோரம் வந்து இழுத்த விசைப்படகுகள் அவர்கள் வலைகளையும் அறுத்தன. 1970களில் கடலிலேயே மோதல் நடந்தது. இதையடுத்து 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது அதன் முக்கியமான விதி.

மணலில் ஏறும் படகு

இந்த இடைவெளியைச் சிலர் கவனித்தார்கள். 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் ஆரம்பமானது. நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் குல்பிராண்ட்சன் அதில் மணல் கரையிலேயே இறங்கி ஏறும் எஞ்சின் படகுகளை வடிவமைத்தார். தரை தட்டும் நேரத்தில் புரொப்பல்லரை மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாடு அவற்றில் இருந்தது.

கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் பியர் கில்லே வேறு வழியில் முயன்றார். கட்டுமரத்துக்கான கனமில்லாத மரம் அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்தது. அதனால் மரைன் பிளைவுட் தகடுகளைத் தைத்து ஒட்டிப் படகு செய்தார்கள். கேட்க எளிது. ஆனால் மீனவர் கேட்ட கேள்விகள் சுலபமானவை அல்ல: கரையில் எத்தனை பேர் சேர்ந்தால் தூக்கலாம்? கவிழ்ந்தால் மிதக்குமா? வலையை எங்கே வைப்பது? ஒவ்வொரு கேள்விக்கும் படகு மாறிக்கொண்டே வந்தது. இந்த அனுபவத்தை கில்லே 1985-ல் ஒரு நூலாக எழுதினார். அதன் தலைப்பின் பொருள் 'சிறியது கடினம்'. 'சிறியது அழகு' என்ற புகழ்பெற்ற வாசகத்துக்கு அனுபவம் சொன்ன பதில் அது!

சுனாமிக்குப் பிறகு

மெல்ல மெல்ல ஃபைபர் படகு பரவி வந்த நேரத்தில்தான் 2004 டிசம்பர் 26 வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களிடம் கட்டுமரமும் இல்லை, வலையும் இல்லை. உலகமெங்கும் இருந்து உதவி குவிந்தது. தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஃபைபர் படகையே கொடுத்தன. வேகமாகச் செய்யலாம், கணக்குக் காட்டுவதும் எளிது.

நல்ல மனதோடு செய்த உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவசரத்தில் முளைத்த பட்டறைகளில் செய்த சில படகுகள் தரமற்றவையாக இருந்தன. கூலிக்குப் போனவர்களும் படகுக்குச் சொந்தக்காரர்கள் ஆனதால், சில ஊர்களில் படகு இருந்தும் உடன் போக ஆள் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமான மாற்றம் இன்னொன்று. கட்டுமரத்துக்கு டீசல் வேண்டாம். வயதான ஒருவர்கூடத் தனியாகப் போய்க் கரையோரம் நாலு மீன் பிடித்து வரலாம். எஞ்சின் வைத்த ஃபைபர் படகுக்கோ கூட்டாளிகள் வேண்டும், ஒரு மீன் சிக்குமுன்பே எண்ணெய்க் காசு வேண்டும். அதை வியாபாரியிடம் முன்பணமாக வாங்கினால், மீனையும் அவரிடமே அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். ஃபைபர் படகால் தூரம் போக முடிந்தது, நேரம் மிச்சமானது, நல்ல மீனும் கிடைத்தது, அதுவும் உண்மை. ஆனால் கட்டுமரத்தை விட்டவருக்குத் திரும்பிப் போக வழி இல்லை.

ஆழ்கடல் அழைக்கிறது

2017 ஜூலையில் பாக் நீரிணை மீனவர்களுக்காக இன்னொரு திட்டம் தொடங்கியது. இழுவலைப் படகை ஒப்படைத்துவிட்டு, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகு வாங்கிக்கொள்ளலாம். அப்போது ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். மத்திய, மாநில அரசுகள் 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 8 லட்சம் மீனவர் பங்கு. மூன்று ஆண்டுகளில் 2000 படகு என்பது இலக்கு. அந்த இலக்கை எட்டவில்லை. தினமும் மாலை போய்க் காலையில் திரும்பியவருக்கு, வாரக்கணக்கில் கடலில் தங்குவது வேறு தொழில். ஐஸ், டீசல், நிற்க ஆழமான துறைமுகம் என்று செலவும் தேவையும் கூடுகின்றன.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தது. கன்னியாகுமரியின் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் பெயர் பெற்றவர்கள். கரையிலிருந்து வெகுதூரம் போயிருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலர் திரும்பவே இல்லை. படகு தூரம் போகக் கற்றுக்கொண்டது, கரையிலிருந்து செய்தி போகவில்லை.

இந்த வரலாறு முழுவதிலும் அலுவலகத்தில் படகு தேர்ந்தெடுத்தவர்கள் எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு மீன் வரும் என்றே பார்த்தார்கள். மீனவர் கேட்டவை வேறு. எங்கே நிறுத்துவது? யார் இழுத்து ஏற்றுவார்கள்? ஒரு நாள் செலவு எவ்வளவு? பழுதானால் ஊரிலேயே சரிசெய்ய முடியுமா? கவிழ்ந்தால் என்ன ஆகும்? இந்த ஐந்துக்கும் பதில் சொன்ன படகுகள் நிலைத்தன. பதில் சொல்லாதவை எவ்வளவு மானியம் கிடைத்தாலும் கரையில் கிடந்து மங்கின. படகு வாங்கப் பணம் யார் கொடுத்தாலும் சரி, அந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை கடலுக்குப் போகிறவருக்கு இருக்க வேண்டும்.